தொகரான் துக்கம் கேட்க வந்தது

மினேகாவா இறந்த பன்னிரண்டாம் நாள், துக்கம் விசாரிக்கத் தொகரான் எங்கள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. பதினாறாம் நாள் காலை ஒன்பது நாற்பது பாசஞ்சரில் வந்து சேரும் என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. மடித்த இடத்தில் மட்டும் நகம் பட்டுக் கிழிந்திருந்தது.

மினேகாவா ஜப்பானில் ராட்சத மிருகப் படங்களுக்குத் தந்திரக் காட்சி இயக்குநராக இருந்தவர். தொகரான் அவருடைய மிருகம். ரப்பரால் செய்த பல்லி உடம்பு, எருமைக் கொம்பு, முதுகில் மூன்று வரிசை முள். அவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது என்பதால், எந்த வீட்டில் போய்த் துக்கம் கேட்பது என்ற பிரச்சினை எழுந்தது. உலகத்திலேயே முதலில் அவருக்கு ரசிகர் மன்றம் வைத்தவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் ஊர்தான் துக்க வீடு என்று முடிவாயிற்று. மன்றத்தின் தலைவர் மரியதாஸ், கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். செயலாளர் நான், தணிகாசலம். நகராட்சியில் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை.

தொகரானின் உயரத்தைப் பற்றி விஷயம் தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அதற்கென்று தனியாக உயரம் எதுவும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் வீடு அதன் கணுக்காலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மினேகாவா தன் கையால் செய்து வைத்த வீடுகள் முழங்கை நீளம் இருந்தன. அவற்றின் நடுவில் நின்றபோது தொகரான் ஆறரை அடி. நிஜ வீட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் ஐம்பது மீட்டர் ஆகிவிடும். அதன் பிறகு அது எங்கே கால் வைத்தாலும் ஒரு தெரு போய்விடும். அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நிற்க இடம் வேண்டும், பாவம்.

ஸ்டேஷனிலிருந்து மினேகாவாவின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்த கல்யாண மண்டபம் வரை ஒன்றேகால் கிலோமீட்டர். வழியில் இருநூற்றுப் பதின்மூன்று கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி வீடு செய்வது, அந்தந்த வீட்டுக்காரர் அதைத் தன் வாசலில் முக்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு. தொகரான் சின்ன வீட்டை முதலில் பார்த்துவிட்டால் போதும். பின்னால் நிற்கும் பெரிய வீட்டைத் திரைச்சீலையில் எழுதிய காட்சி என்று எடுத்துக்கொள்ளும். படமெடுத்த ஸ்டூடியோவில் அதற்கு அப்படித்தான் பழக்கம்.

நான்கே நாள். பிளாஸ்டர் மாவு மூட்டை மூட்டையாக வந்தது. மினேகாவா செய்ததைப் போலவே சுவரின் உட்பக்கம் கோடு கீறினோம், உடைந்தால் அழகாக உடைய வேண்டும் என்பதற்காக. ஜன்னலுக்குள் கொடியில் காயும் துணி உட்பட எல்லாம் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் தொகரான் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கும். பொய் வீடு என்று தெரிந்தால் வாசலிலேயே நின்றுவிடும். வக்கீல் சபாபதி இன்னும் கட்டாத மாடியை மாதிரியில் சேர்க்கச் சொன்னார். இல்லாத மாடியைக் காட்டவும் முடியாது, இருக்கிற சுவரை மறைக்கவும் முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

பதினாறாம் நாள் ஒன்பது நாற்பதுக்கு வண்டி வந்தது. தொகரான் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியது. பிளாட்பாரத்தில் இரண்டு பக்கமும் மாதிரி வீடுகளை வைத்திருந்தோம், ஆகவே ஆறரை அடிதான். துக்கத்துக்கு வந்தவரை வாங்க என்று சொல்லக் கூடாது என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதன் கண்கள் சிவந்திருந்தன. வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், மார்பு ரப்பர் ஊறிப்போயிருந்தது. மினேகாவா போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அக்கா செங்கமலம்.

"ஏன்டா தணிகா, தெருவுல எல்லார் வாசல்லயும் ஒரு வீடு வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என் வீடு எங்கடா?"

கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்தேன். குளத்தங்கரைத் தெரு. எண்பத்தெட்டாம் எண் மாவு மில். எண்பத்தொன்பது டெய்லர் கடை. இரண்டுக்கும் நடுவில் 'காலி இடம், புறம்போக்கு' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அக்காவின் வீடு அங்கேதான் இருக்கிறது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பச்சைக் கதவு. அனுமதி வாங்காமல் கட்டியது என்பதால் பதினான்கு வருடத்துக்கு முன்பு வரைபடத்தில் நான் அதைக் காட்டவில்லை. சொந்த அக்கா என்று சலுகை காட்டியதாக ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று அப்போது எனக்கு ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிடுகிறவன் நான். ஆனாலும் வீடுகளைக் கணக்கெடுக்கும்போது வரைபடத்தைத்தான் நம்பினேன். உள்ளே அத்தான் படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. அவருக்காக அறைக்குள்ளேயே வைத்து ஆசாரி செய்த கட்டில் அது. கதவு வழியாக வெளியே வராது.

மரியதாஸிடம் சொன்னேன்.

"செயலாளரே, பிளாஸ்டர் காய எவ்வளவு நேரமாகும்?"

"எட்டு மணி நேரம்."

"ஊர்வலம் அங்க எப்ப போகும்?"

"முக்கால் மணியில."

"வேற யாரோட வீட்டையாவது வாங்கி வெச்சிட்டா?"

"ஒருதடவை பார்த்த வீட்டை அது மறக்காது. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். வேறு வழியாகத் திருப்பலாம் என்றால், மற்ற தெருவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்கும் மாதிரி இல்லை. அதற்குள் தொகரான் நடக்கத் தொடங்கியிருந்தது. துக்கத்துக்குக் கிளம்பியவரைப் பாதி வழியில் நிறுத்தி வைப்பது மரியாதை இல்லை.

முதல் தெரு ஒழுங்காக நடந்தது. தொகரான் ஒவ்வொரு முக்காலியின் முன்னாலும் ஒரு கணம் நிற்கும், குனிந்து ஜன்னலைப் பார்க்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகரும். நான் முன்னால் நடந்துகொண்டே அட்டவணையில் எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஐம்பத்தேழாம் எண்ணில் ரேஷன் கடைக்காரர் கை தவறி மாதிரியைக் கீழே போட்டுவிட்டார். திரும்பிப் பார்ப்பதற்குள் தொகரானின் தலை மின்கம்பிக்கு மேலே போயிருந்தது. வால் பட்டு எதிர்ச் சாரியில் ஒரு போஸ்ட் சாய்ந்தது. யாரோ தாவி மாதிரியை எடுத்து முக்காலியில் வைத்தார்கள். நல்லவேளை, ஒரு மூலைதான் உடைந்திருந்தது. தொகரான் மறுபடி ஆறரை அடிக்கு இறங்கி, ஜன்னலைப் பார்த்து, நகர்ந்தது. அந்த அரை நிமிடம்தான் என் காலுக்கு வேகத்தைக் கொடுத்தது. அட்டவணையை மரியதாஸ் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அக்கா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். வெறும் முக்காலி ஒன்றைப் போட்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எங்கடா?"

"செய்யல அக்கா. வரைபடத்துல உன் வீடு இல்ல."

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முக்காலியை எடுத்துச் சுவரோரமாகப் போட்டாள்.

"அத்தானைத் தூக்கிடலாம் அக்கா. நாலு பேரைக் கூப்பிடறேன். போர்வையில போட்டு..."

"அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உனக்கு மறந்துபோச்சா? போன தடவை திருப்பிப் படுக்க வெச்சதுக்கே மூச்சு நின்னு வந்துச்சு."

"அப்ப நீயாவது வா."

"எங்க வர்றது? துக்கத்துக்கு வர்றவங்க வர்ற நேரத்துல கதவைச் சாத்திட்டு நான் எங்கடா போவேன்?"

"செத்தவரு யாருன்னே உனக்குத் தெரியாதே அக்கா!"

"உனக்குத் தெரியுமில்ல, அது போதாதா?" என்றாள். "பதினாறு நாளா நீ சோறு திங்கலன்னு எனக்குத் தெரியாதா?"

பந்தல்காரரின் துணியைக் கொண்டுவந்து வீட்டை மூடலாமா என்று யோசித்தேன். மூடினால் குன்று என்று நினைத்து ஏறிவிடும். உள்ளிருந்து அத்தான் ஏதோ கேட்டார். அவர் பேச்சு அக்காவுக்கு மட்டும்தான் புரியும். "ஒண்ணுமில்ல, தணிகா வந்திருக்கான்" என்று அவள் சத்தமாகச் சொன்னாள். நான் பச்சைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

ஊர்வலம் தெருமுனையில் திரும்பியது. எண்பத்தாறு. எண்பத்தேழு. மாவு மில்லின் மாதிரியை அதன் ஓனர் அம்மாள் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தொகரான் அதன் சிறிய புகைபோக்கியைச் சற்று அதிக நேரம் பார்த்தது. பிறகு ஒரு அடி எடுத்து வைத்து, அக்காவின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

ஊர்வலத்தில் வந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். மரியதாஸ் அட்டவணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தொகரான் தன் கணுக்காலைப் பார்த்தது. அங்கே வீடு இல்லை. நிமிர்ந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தது. அதன் தோள் இரண்டும் உயர்ந்தன. முதுகு முள் ஒவ்வொன்றாக விறைத்தது. வளர்வதற்கு முன் அது மூச்சை இழுக்கும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் அந்த இடத்தில்தான் நாங்கள் விசில் அடிப்போம்.

அக்கா இரண்டு படி இறங்கிப் போய் அதன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

துக்கம் கேட்கிற இடத்தில் சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு கையாலும் அந்த ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். தொகரான் இழுத்த மூச்சை விடாமல் நின்றது. துக்கத்தில் ஒருவர் நம் கையைப் பிடித்தால் அவராக விடும்வரை நாமாக இழுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ந்தால் கை மேலே போய்விடும். அதற்கு இங்கிதம் தெரிந்திருந்தது.

அக்கா கையை விடவில்லை.

தொகரான் மெல்ல மூச்சை விட்டது. பிறகு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கியது. படங்களில் நாங்கள் கேட்ட சத்தம் இல்லை அது, தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் அழுகிற சத்தம்தான். பிள்ளைகுட்டி இல்லாதவர் என்று மினேகாவாவைப் பற்றி இரங்கல் போஸ்டரில் போட்டது நான்தான். அதற்காக எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அக்காவும் அழுதாள். நான்கு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஊர்வலத்தில் எல்லோரும் அழுதோம். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

அழுகை ஓய்ந்தபோது தொகரான் இன்னும் ஆறரை அடியாகவே இருந்தது. ஆனால் வீடு கணுக்காலுக்கு வர வேண்டும் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. அது வளராவிட்டால் வீடுதான் குறைய வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு நழுவியது. திரும்பினேன். மாவு மில்லுக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் காலி இடம் இருந்தது. தரையில், முழங்கை நீளத்தில், ஓட்டுக் கூரையும் பச்சைக் கதவுமாக அக்காவின் வீடு இருந்தது.

தொகரான் குனிந்து ஜன்னலைப் பார்த்தது. உள்ளே யாரோ இருப்பதைக் கண்டு, மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. எண்பத்தொன்பது என்று மரியதாஸ் குரல் கேட்டது.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டாள். மண்டியிட்டு, இரண்டு கையையும் வீட்டுக்கு அடியில் கொடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"துக்கத்துக்கு வந்தவங்களோட மண்டபம் வரைக்குமாவது போகணும்" என்றாள். "அவரு வெளியில கிளம்பி நாலு வருஷமாச்சு."

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. அவள் காதை ஓட்டுப் பக்கம் வைத்துக் கேட்டாள்.

"என்ன சொல்றாரு அத்தான்?"

"கண்ணு கூசுதாம். ஜன்னல்ல வெயில் அடிக்குது."

டெய்லர் கடையில் ஒரு குடை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, அவள் நடைக்கு ஏற்றபடி நடந்து, வீட்டுக்கு நிழல் பிடித்தேன்.