பன்னிரண்டாவது முன்தேர்வு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்ததல்ல. 'உள்ளூர்த் தலைமையை வளர்க்கும் நீண்டகாலப் பயிற்சித் திட்டம்' தன் அறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை கேட்டது. குடிநீர் நிலையத்தின் பம்ப் மெக்கானிக்கைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

தொடக்கம்: 'அறியாமை இருளில் கிடந்த அவள் வாழ்வில் பயிற்சி என்னும் ஒளி—'

(அடித்துவிட்டேன். பதினெட்டு வருடமாகப் பம்பைப் பிரித்து மாட்டுகிறவள். இருளில் கிடந்தது நான்தான்.)

2

மறுபடியும் தொடங்குகிறேன். அவள் வேலையில் சேர்ந்த ஏழாம் வருடம் முதல் நிபுணர் வெளிநாட்டிலிருந்து வந்தார். பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்: இரண்டிலும் நிலைய ஊழியர்கள் எல்லாரும் தொண்ணூற்றைந்து. முன்னேற்றத்தைக் காட்ட வேண்டிய கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதைப் பார்த்தபடி அந்த மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வருடம் முதல் முன்தேர்வில் வேண்டுமென்றே தப்பாக எழுதினார்கள். கோடு ஏறியது. அவரும் பதவி ஏறிப் போனார். அடுத்த நிபுணர் வந்தார். அவருக்கும் வாடக்கூடிய முகம் ஒன்று இருந்தது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: ஒரு நிபுணர் விடுமுறையில் இருந்தபோது பெரிய பம்ப் நின்றது. அவள் மதியத்துக்குள் ஓடவைத்தாள். அனுமதி இல்லாமல் திறந்ததற்காக 'பொறுப்புணர்வு' என்ற ஐந்து நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். நானே கற்பனை செய்திருந்தால், மிகை என்று நீக்கியிருப்பேன்.]

3

இந்த வருடம் நிலையத் தலைவர் பதவியை உள்ளூர்க்காரருக்குத் தரலாம் என்றார்கள். அவள் விண்ணப்பித்தாள். தலைமையகம் பத்து வருட முன்தேர்வுத் தாள்களைப் புரட்டிவிட்டு, அடிப்படையே வரவில்லையே, வரும் முன்தேர்வைப் பார்த்து முடிவெடுப்போம் என்று எழுதியது. இரக்கப்பட்டுத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் மகள் கேட்டாள்: "பன்னெண்டு வருஷமா ஒரே கிளாஸாம்மா? எங்க ஸ்கூல்ல ரெண்டாவது வருஷமே டீசி கொடுத்துடுவாங்க."

வேலையிடத்தில் வேறு பேச்சு. இப்போதைய நிபுணர் சின்னப் பெண், முதல் வேலை, இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள் அக்கா என்றார்கள்.

4

முடிவு ஒன்று: எல்லாம் சரியாக எழுதுகிறாள். (திட்ட அலுவலகத்தில் விசாரித்தேன். "போன வருஷம் இருபது, இந்த வருஷம் நூறா? கேள்வித்தாள் வெளிய போயிருக்குன்னுதான் சொல்லுவாங்க.")

முடிவு இரண்டு: தப்பாக எழுதுகிறாள். கோடு ஏறுகிறது, என் கதையும் அச்சேறுகிறது.

முடிவு மூன்று: எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொல்கிறாள். பத்து வருட அறிக்கைகளைக் கிழிக்க வேண்டிவரும். அதற்கு எந்தப் புண்ணியவான் கையெழுத்துப்—

இப்போது அவள் தேர்வறையில் இருக்கிறாள். முதல் கேள்வி: 'பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?' அவள் தலைநிமிர்ந்து நிபுணரைக் கேட்டாள்.

"மேடம், இதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பெண் நேர்மையானவள். "புத்தகத்துல இருக்கு. பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. உக்காருங்க."

பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். முடிவை நான் எழுதப்போவதில்லை. இத்தனை பேர் அவளுக்கு எடுத்துச் சொன்னது போதும். உங்களுக்கும் ஒரு யோசனை தோன்றியிருக்கும். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அவளுக்குப் பதில் தெரியும்.