சிவப்புத் துணி இல்லாத பாட்டில்

வட்டியும் முதலுமாக ஏழாயிரத்து இருநூற்று நாற்பது. தவணை அக்காவுக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி அது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கால் உடைந்து நான் படுத்துக் கிடந்தபோது வாங்கியது. அக்கா என்றாலும் உறவு ஒன்றுமில்லை. எங்கள் சந்தில் பாதிப் பேருக்குக் கடன் கொடுத்துவிட்டு வாராவாரம் தவணைக்கு வருவார், அதனால் அந்தப் பெயர். பத்திரத்தில் நான் கட்டைவிரலை உருட்டியதைப் பார்த்துச் சிரித்தவர், அன்று முதல் என்னைக் கைநாட்டு என்றுதான் கூப்பிட்டார்.

கால் கூடிய பிறகும் சாரம் ஏற முடியவில்லை. கீழே நின்று கலவை போடும் வேலைக்குப் பாதிக் கூலிதான். மீதியை எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து என் மனைவி எடுத்தாள். அங்கே இரண்டு எலுமிச்சை மரங்கள் வருஷம் முழுக்கக் காய்த்தன. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைப்பாள். தோலை ஊறவைத்துத் தரை துடைக்கிற தண்ணீர் செய்வாள். சோப்பும் வீட்டிலேயே. சிமென்ட் தின்ற என் கைகளுக்கு அவள் போடுகிற சோப்புதான் ஒத்துக்கொண்டது. அக்கம்பக்கத்திலும் வாங்கினார்கள்.

சோப்புக்குக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அந்தக் காரத் தண்ணீர் கையில் பட்டால் முதலில் வழுக்கும், பிறகு எரியும், பிறகு அந்த இடத்தில் தோல் இருக்காது. வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சமாகிற காரத்தைப் பாட்டிலில் ஊற்றி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, சாறு பாட்டில்களோடு அடுப்படி அலமாரியில் வைப்பாள். எலி மருந்தோ மண்ணெண்ணெயோ, எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அதுதான் அடையாளம். ஏனென்றால் பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி, பழைய சாமான்காரர் கொடுக்கிற பழுப்புக் கண்ணாடி.

போன வருஷம்தான் கட்டடத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். எழுத்துத் தெரியாமல் இருந்தவரை, உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்த பிறகு, தெரியாதவர் இனி யாருமே இல்லை என்று நினைத்தேன். துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ‘காரம். குடிக்காதே’ என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன்.

“துணியும் இருந்துட்டுப் போகட்டுமே,” என்றாள் மனைவி.

“அதான் எழுதியிருக்கு இல்ல? பாட்டிலுக்கு என்ன சளியா, கழுத்துல துணி சுத்த?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியில் நின்று எலுமிச்சையின் காய்ந்த கிளைகளை அறுத்துக்கொண்டிருந்தேன். மனைவி சோப்புக் காசு வாங்கப் போயிருந்தாள். கீழே தவணை அக்காவின் குரல்.

“கைநாட்டு, தவணை எங்க?”

“அவ வந்துரட்டும் அக்கா. காசு வாங்கத்தான் போயிருக்கா.”

“அதுவரைக்கும் நான் என்ன, உன் மரத்துக்கு எருவா நிக்கவா? வீட்ல பொண்ணு வந்திருக்கா. மாசமா இருக்கா, பச்சத் தண்ணி குடிச்சாலும் வாந்தி. அந்த எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில் குடு. வட்டில கழிக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“அடுப்படி அலமாரில இருக்கு. நீங்களே எடுத்துக்குங்க அக்கா.”

நான் இறங்கவில்லை. முள் கிளை ஒன்று பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவி வந்தாள். உள்ளே போனவள், உடனே கொல்லைக்கு வந்து நின்றாள்.

“என்னங்க, காரப் பாட்டிலை எங்க எடுத்து வச்சீங்க?”

“நான் எடுக்கலையே. தவணை அக்கா வந்து ஜூஸ் பாட்டில்…”

“ஜூஸ் எல்லாம் அப்படியே இருக்குங்க.”

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போன் போட்டேன். அக்கா எடுத்தார். “என்ன, காசு வரலையா? உங்க கதையெல்லாம் அடுத்த வாரம் கேக்குறேன்,” என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், கட் செய்தார். மறுபடியும். கடன்காரன் போன் அடித்தால் அவகாசம் கேட்கத்தான் என்று அவருக்குத் தெரியும். இத்தனை மாதமாக நாங்கள்தானே அப்படிப் பழக்கி வைத்திருந்தோம்.

ஓடினோம். அவர் வீடு பெரிய ரோட்டைத் தாண்டி, மரக்கடைக்குப் பின்னால். உடைந்த கால் ஒவ்வொரு அடிக்கும் சுளீர் என்றது. மனைவி முன்னால் ஓடினாள். ரோட்டில் லாரிகள் வழிவிடாமல் போய்க்கொண்டே இருந்தன. நின்ற அந்த நேரத்தில் தலைக்குள் என்னென்னவோ ஓடியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவள் வயிற்றில் ஒன்று. கடன் தொல்லை தாங்காமல் விஷம் கொடுத்துவிட்டான் என்று சந்தே சொல்லும். எழுதி ஒட்டியிருந்தேன் என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? அக்கா போய்விட்டால் ஏழாயிரமும் போய்விடும் என்று ஒரு நினைப்பும் வந்தது. அப்படியே ரோட்டுக்குள் இறங்கிவிட்டேன். லாரிக்காரன் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான்.

கதவு திறந்துதான் இருந்தது. மகள் மேஜை முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எதிரே அலுமினிய டம்ளர். அதில் ஊற்றியது தானாகவே நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. காரம் அலுமினியத்தைத் தின்றால் அப்படித்தான் பொங்கும். அவளோ சிரித்தாள்.

“அம்மா, இது சோடா மாதிரி பொங்குதும்மா. வாந்திக்கு நல்லது.”

“பொங்காம என்ன செய்யும்? தண்ணிய ஊத்திப் புளிக்க வச்சுக் குடுத்திருக்கான்,” அடுப்படியிலிருந்து அக்காவின் குரல். “இரு, சர்க்கரை கொண்டாரேன்.”

அவள் கை டம்ளருக்குப் போனது. மேஜைமேல் விழுந்து கையால் தட்டிவிட்டேன். டம்ளர் சுவரில் மோதி உருண்டது. என் புறங்கை முழுக்க நனைந்தது. மேஜையின் பாலிஷ் கண்முன்னாலேயே குமிழ் விட்டு உரிந்தது.

“குடிச்சியாம்மா? ஒரு வாய் குடிச்சியா?” மனைவி அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். மனைவி அவளை இழுத்து வாசல் பக்கம் கொண்டுபோனாள். நான் அடுப்படிக்கு ஓடிக் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். அக்கா சர்க்கரை டப்பாவோடு நின்றார்.

“என்னடா குடுத்த எனக்கு?”

“சோப்புக் காரம் அக்கா. நீங்க மாத்தி எடுத்துட்டீங்க. மேல எழுதியிருக்கேன், பாருங்க.”

அவர் அடுப்பு மேடையில் இருந்த பாட்டிலை எடுத்தார். மூடியை இறுக்கிப் பார்த்துவிட்டு அதைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என் எழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்குக் கை எரிச்சல் ஒரு நிமிஷம் மறந்துபோனது. இந்த அம்மா முன்னால்தான் நான் கட்டைவிரலை உருட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன்.

“துணி எங்க?” என்றார் மெதுவாக. “எப்பவும் சிவப்புத் துணி கட்டுவீங்களே.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் வாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “ஏம்மா, பாட்டில்ல ஒண்ணும் எழுதலையா? பாக்காமயா ஊத்துன?”

அக்கா என்னைப் பார்த்தார். மிரட்டித் தவணை வாங்குகிற கண்ணில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீர் தெறித்து நனைந்திருந்த காகிதத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, உருட்டி, கைக்குள் மூடிக்கொண்டார்.

“எழுதலம்மா,” என்றேன். “துணி கட்டியிருக்கணும். நான்தான் கட்டல.”

“கொலகாரப் பாவி,” என்றாள் அந்தப் பெண். அழுதாள். போலீசுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுதி ஒட்டியதைப் பார்த்தவள் அவள், ஆனாலும் பேசவில்லை.

“நீ போய்ப் படு,” என்று அக்கா மகளை உள்ளே அனுப்பினார். “போலீசெல்லாம் வேணாம். நான் பேசிக்கிறேன்.”

கதவு மூடியதும், கொடியில் கிடந்த பழைய சிவப்புப் பாவாடையின் ஓரத்தைக் கிழித்தார். பாட்டிலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு நழுவியது, மறுபடி போட்டார். பாட்டிலை என் மனைவி கையில் கொடுத்தார்.

“ஏழாயிரத்து இருநூத்தி நாப்பது,” என்றார் என்னைப் பார்க்காமல்.

“அடுத்த வாரம் அக்கா, எப்படியாவது…”

“வேணாம். முடிஞ்சுது. இனி உனக்கும் எனக்கும் கணக்கு இல்ல.” மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “கைல எண்ணெய் எதுவும் தடவாத. தண்ணிலயே வையி. போ.”