மரங்கொத்தி

"அந்தப் போனைக் குடுக்கா."

"கைய எடு முதஸ்ஸிர்."

"நீ இன்னா பண்ணப் போறேன்னு எனக்கு—"

"கைய எடுன்னு சொல்றேன்ல—"

"—தெரியும். ரெண்டே நிமிசம். எல்லாத்தையும் அழிச்சிட்டு உன் கையிலயே குடுத்துர்றேன்."

"மெல்லப் பேசு. கூடத்துல அம்மா கீறாங்க."

சொன்ன பிறகுதான் ஜீனத்துக்கு உறைத்தது. கூடத்தில் ரோஷன் பேகம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடியற்காலை பாங்கு சொல்லும் முன்பே, தூக்கத்திலேயே போயிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. வெள்ளிக்கிழமை மவுத்து, கொடுத்து வைத்தவள் என்று வந்த பெண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வாணியம்பாடியிலிருந்து அத்தை வர வேண்டும். அதனால் ஜும்மா முடிந்து குளிப்பாட்டி, அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று அத்தா அப்துல் ஜப்பார் முடிவு செய்திருந்தார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

உறவுக்காரர்களின் நம்பரெல்லாம் அம்மாவின் போனில்தான் இருந்தது. திருமுல்லைவாயிலிலிருந்து ஓடி வந்த ஜீனத், அதை எடுத்து ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாவது ஆளுக்குச் சொல்லி வைத்தபோது திரையின் மேலே ஒரு வரி வந்து நின்றது. ‘மரங்கொத்தி, ஜும்மாவுக்கு அப்புறம் போட்டோன்னு சொன்னியே. வெயிட்டிங்!’

'கிளை' என்ற அந்த ஆப்பை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தவளே ஜீனத்தான். அந்தந்த ஏரியாக்காரர்கள் பெயர் சொல்லாமல் எழுதலாம், கேட்கலாம். ஆளுக்கு ஒரு பறவைப் பெயரை அதுவே வைத்துவிடும். ‘மூட்டு வலிக்கு இன்னா பண்றதுன்னு கூச்சமில்லாம கேளுங்கம்மா’ என்று பழக்கிவிட்டிருந்தாள். அம்மாவுக்கு எந்தப் பறவை வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் மரங்கொத்தியைத் தெரியும். எட்டு மாதமாகத் தெரு முழுக்கத் தெரியும். ‘டீச்சரம்மா பாடம் எடுக்கறது பிள்ளைங்களுக்கா, பிள்ளைங்க அப்பனுக்கா?’ என்று அதுதான் முதலில் எழுதியது. எதிர் வீட்டு ஷர்மிளா பானுவிடம் டியூஷனுக்கு வந்த இருபத்திரண்டு பிள்ளைகள் நாலு பேராகிவிட்டார்கள். அவளுக்குப் பேசியிருந்த ஆம்பூர் சம்பந்தம் நின்றுபோனது. அவள் ஆப்பில் புகார் கொடுத்தாள். ‘எங்கள் விதிகள் எதுவும் மீறப்படவில்லை’ என்று பதில் வந்தது. ‘உங்களுக்குப் பிடிக்காத பறவையை நீங்கள் மறைத்துக்கொள்ளலாம்’ என்றும் வந்தது. மறைத்தாள். அவள் கண்ணுக்கு மட்டும் மறைந்தது. தெரு படித்துக்கொண்டிருந்தது.

"அவ சைபர் கிரைம்ல எழுதிக் குடுத்துக்கீறாக்கா. திங்கக்கிழமை நம்பர் வந்துடும்னு சொல்லிட்டாங்களாம். அந்த சிம் யார் பேர்ல கீது? என் ஆதார்ல வாங்கினது."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

முதஸ்ஸிர் அடுப்பு மேடையைப் பார்த்தான்.

"ரம்ஜான்லேர்ந்து."

"நாலு மாசமா வாய மூடிகினு இருந்தியா?"

"இன்னான்னு கேக்கறது? கேட்டேன். ‘உன்னை வேணாம்னு சொன்னவ, நல்லா இருந்துடுவாளா’ன்னாங்க. உனக்காகத்தாண்டான்னாங்க."

"உனக்காக."

"நான் எழுதச் சொன்னனா?"

"நிறுத்தச் சொன்னியா?"

அவன் மறுபடி கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்ததில் தட்டு ஒன்று விழுந்து சுற்றி அடங்கியது.

"அழிச்சா நீ எழுதினதாத்தான்டா ஆகும், மடையா."

"அழிக்கலன்னா அம்மா எழுதினதா ஆகும். எது பரவால்ல? மவுத்தானவங்க குறையை மூடணும்க்கா. ஹஜ்ரத் எத்தினி வாட்டி சொல்லிக்கீறாரு."

"மூடறது சரி. மன்னிப்பு யாரு கேக்கறது?"

"அத்தா கேப்பாரு. தொழுகைக்கு முன்னாடி, பள்ளிவாசல்ல, எல்லார் காதுலயும் விழறாப்பல."

"ஷர்மிளா பள்ளிவாசல்ல கீறாளா?"

வெளியே, குளிப்பாட்ட வந்திருந்த மைமூன் மாமியின் குரல் கேட்டது. "ஏ ஜீனத்து, வெந்நீர் காஞ்சிதா? ஜும்மா முடிஞ்சிடுச்சு. ஷர்மிளாவும் வந்துட்டா."

ஜீனத் போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தெருவில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்ட முன்னால் நிற்பது ஷர்மிளாவின் தாய்தான். தாய் போன பிறகு மைமூன் மாமி அவளைப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். துப்பட்டாவை இழுத்துக் கட்டி, முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு அவள் கூடத்துக்குள் வந்தாள். தன் போனை ஜன்னல் திட்டில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தாள்.

"மய்யித் கிட்டயும் போனாடி?" என்றார் மாமி.

"ஒரு தகவல் வரணும் மாமி. சத்தத்தைக் குறைச்சிட்டேன்."

நீர் கொண்டுவந்தாள் ஜீனத். இலந்தை இலை மிதந்தது.

"வலப்பக்கத்துலேர்ந்து ஊத்து. சூடு பாத்தியா? உங்கம்மா குளிக்கற தண்ணி கொஞ்சம் ஆறிப் போனாலும் தெருவே கேக்கக் கத்துவா." மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னிக்குக் கத்தேன்டி பாப்பம்."

துணிக்கு மேலேயே நீர் வார்த்தார்கள். ஷர்மிளா வலது கையை எடுத்து விரல் விரலாகத் தேய்த்தாள். கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. அதை நகம் கொண்டு சுரண்டாமல், பஞ்சை நனைத்து நனைத்து ஒற்றி எடுத்தாள்.

"நேத்து ராத்திரிகூட உங்கம்மா ரசம் குடுத்து வுட்டாங்கக்கா," என்றாள் ஜீனத்திடம். "தெருவுல ஒருத்தரும் பேசலன்னா உங்கம்மா மட்டும் வருவாங்க. பக்கத்துல உக்காந்து எல்லாம் கேப்பாங்க. யார் கூப்ட்டா, போலீஸ்ல இன்னா சொன்னாங்க, எல்லாம். அவங்ககிட்ட சொன்னாதான் எனக்கு நெஞ்சு லேசாவும்."

ஜீனத்தின் கையிலிருந்த சொம்பு பலகையில் இடித்தது.

"அப்புறம் பாத்தா அதே விசயம் மரங்கொத்தில வந்துக்கீதுன்னு யாராச்சும் எனக்கு அனுப்புவாங்க. ஊட்டுக்குள்ள கேமரா வச்சுட்டாங்களோன்னு செவுத்தையெல்லாம் தடவிப் பாத்தேன்க்கா."

"வாயை மூடிட்டு வேலையைப் பாருங்கடி," என்றார் மாமி. "இங்க எதைப் பாத்தாலும் நல்லதை மட்டும்தான் வெளிய சொல்லணும். மத்ததை இந்தத் தண்ணியோட வுட்டுடணும்."

ஷர்மிளா ஜன்னலைப் பார்த்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. கடைசி நீரில் கற்பூரம் கரைக்கும்போதும் பார்த்தாள். கஃபன் துணியில் அத்தர் தடவும்போதும் பார்த்தாள்.

"இன்னா வரணும் ஷர்மி?" என்று கேட்டாள் ஜீனத். அவளுக்குத் தெரியும். அம்மாவின் போனில் அந்தப் போட்டோ தயாராக இருந்தது. நசரத்பேட்டையில் அத்தாவின் கடை வாசலிலிருந்து எடுத்தது. ஒரு ஆளின் பைக்கிலிருந்து ஷர்மிளா இறங்குகிறாள். அந்த ஆள் ஷர்மிளாவின் சொந்தத் தாய்மாமன். அம்மாவுக்கும் அவரைத் தெரியும்.

"மரங்கொத்தி இன்னிக்கு ஏதோ போட்டோ போடுதாம். இன்னா போட்டோன்னே தெரிலக்கா. அதான் பயம். நான் எங்க போனேன், எங்க நின்னேன்னு யோசிச்சு யோசிச்சு மூணு நாளாத் தூங்கல. ஜும்மா முடிஞ்சு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. இன்னும் வரல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்துட்டாகூட நிம்மதி."

உடுத்தி முடிந்தது. முகம் மட்டும் திறந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். வாணியம்பாடி அத்தை வந்து அழுதார். மாமி ஜீனத்தின் முதுகைத் தொட்டார்.

"கேளும்மா. ஆம்பளைங்க அங்க கேப்பாங்க. இங்க நீதான் கேக்கணும்."

ஜீனத் எழுந்து நின்றாள். "எங்கம்மா வாயால, கையால..." மறுபடி தொடங்கினாள். "எங்கம்மா வாயால, கையால யாரையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்துட்டோம்மா."

"பொறுத்துட்டோம்."

ஷர்மிளா ஜீனத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட எதுக்குக்கா கேக்கறீங்க? பொறுத்துக்க இன்னா கீது? பொறுத்துட்டேன், போதுமா?"

அவள் அதைச் சொன்ன விதத்தில், கல்யாண வீட்டில் இன்னும் ஒரு கரண்டி வேண்டாம் என்று சொல்வதுபோல ஒரு கூச்சம் இருந்தது.

மய்யித்தைத் தூக்கிப் போகும் சந்தூக் வாசலுக்கு வந்துவிட்டது. பெண்கள் எழுந்து உள்ளறைக்குப் போனார்கள். "முகத்தை மூடி முடிச்சுப் போடும்மா, நான் ஆம்பளைங்களுக்குச் சொல்றேன்," என்று ஷர்மிளாவிடம் சொல்லிவிட்டு மாமியும் வெளியே போனார். ஷர்மிளா தலைமாட்டில் உட்கார்ந்து துணியின் ஓரத்தைக் கையில் எடுத்தாள்.

ஜீனத் கூடத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"இன்னாக்கா?"

கதவை யாரோ தட்டினார்கள். "அக்கா." முதஸ்ஸிரின் குரல். "அக்கா, வேணாம். திறக்கா. அம்மா மொகத்தைப் பாத்துட்டுச் சொல்லு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஈரம் உலர்ந்து சாந்தமாக இருந்தது. உப்பு சரியா பார் என்று கேட்கப் போகிறவர் மாதிரி இருந்தது.

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்துத் திறந்து ஷர்மிளாவின் மடியில் வைத்தாள்.

"நீ இப்பச் சொன்னதை நான் எடுத்துக்கல ஷர்மி. இது எங்கம்மா போனு. போட்டோ இதுலதான் கீது. இனிமே அது வராது. பாத்துட்டு அப்புறம் சொல்லு. பொறுக்க முடிலன்னாலும் சொல்லு."

ஷர்மிளாவுக்கு முதலில் விளங்கவில்லை. திரையில் சின்னதாகச் சிவப்புக் கொண்டையோடு ஒரு பறவை இருந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் மெதுவாக மேலே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். எட்டு மாதம் மேலே போய்க்கொண்டே இருந்தது. இடது கையிலிருந்த துணியின் ஓரத்தை அவள் விடவுமில்லை, இழுக்கவுமில்லை.

கதவு தட்டுவது நின்றுபோயிருந்தது. வெளியே செருப்புச் சத்தங்கள் ஒதுங்கி வழிவிட்டன. அப்துல் ஜப்பார் கதவருகே வந்து நின்று, நாள் முழுக்க அழுது தேய்ந்த குரலில் கேட்டார்.

"ஜீனத்து, நேரமாவுதும்மா. மொகத்தை மூடியாச்சா?"