றஞ்சிதத்தின் இரத்தம்

ரெலிபோனை வைத்த கையோடு மனோன்மணி மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கடதாசி மாதிரி வெளிறிக் கிடந்தது.

"ஐயோ கடவுளே! இந்த உடம்போட இரத்த ரெஸ்ற் எடுத்தால் சம்பந்தம் போச்சு."

கனடா மாப்பிள்ளையின் தமக்கை அங்கே நேர்ஸ். சாதகம் பொருந்தியாயிற்று, சீதனமும் பேசியாயிற்று. இனிப் பெண்ணின் இரத்தத்தில் இரும்பு எவ்வளவு, விற்றமின் எவ்வளவு என்று அந்த மனுசிக்குத் தெரிய வேண்டுமாம். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாப்பிள்ளையின் இரத்தத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, வன்னியில் கஞ்சியோடு கிடந்து, கொழும்பு வெள்ளவத்தை மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த றஞ்சிதத்துக்கு அந்தக் கல்யாணம் ஒன்றுதான் போரிலிருந்து வெளியே போகும் வழி.

"நான் என்னம்மா செய்ய?" என்று அவள் அழுதாள்.

அப்போதுதான் ஆறாயி தண்ணீர் வாளியோடு மூன்று மாடி ஏறி உள்ளே வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள். றஞ்சிதத்தைவிட ஒரு வயது இளையவள். மனோன்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளுக்கென்ன, எருமை மாதிரி வேலை செய்யிறாள். இவளின்ர இரத்தம் நல்லாத்தான் இருக்கும்."

மறுநாள் காலி வீதியால் நடக்கும்போது பாடம் நடந்தது. "ஆமிக்காரன் கேட்டால் ஆறாயி. ஊசிக்காரன் கேட்டால் றஞ்சிதம். விளங்குதோ?"

"வெளங்குதுங்கம்மா."

சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி ஆறாயியாகக் கடந்தாள். ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் மஷூர், "மிஸ் றஞ்சிதம், இருங்க" என்று நாற்காலியைக் காட்டினான். கொழும்புக்கு வந்த பிறகு அவளை ஒருவர் இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முடிவு கனடாவுக்குப் போன கையோடு அங்கிருந்து போன் வந்தது.

"உங்கட பிள்ளையின்ர உடம்பில இரும்புமில்லை, விற்றமினுமில்லை. நீங்கள் அவளுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

மனோன்மணி என்ன சொல்வாள்? எல்லாரும் உண்டு மிஞ்சிய சோற்றில் குழம்பை ஊற்றி, குசினி வாசலில் ஆறாயிக்குத் தகரத் தட்டில் போட்டு வந்ததைச் சொல்வாளா?

நல்ல வேளை, அந்த மனுசி ஒரேயடியாக மறுக்கவில்லை. மூன்று மாதம் நன்றாகச் சாப்பிடக் கொடுத்து மறுபடி சோதிக்கச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஆறாயிக்கு முட்டை, ஈரல், கீரை, இரும்புச்சத்துக் குளிசை. சாப்பாடு மாறியது, தகரத் தட்டு மாறவில்லை, குசினி வாசலும் மாறவில்லை. "மிச்சம் வையாமச் சாப்பிடடி" என்று மனோன்மணி பக்கத்திலேயே நின்றாள். உள்ளே றஞ்சிதம் வெளிறியபடியே இருந்தாள். அவளுடைய இரத்தத்தைப் பற்றி இப்போது வீட்டில் யாருக்கும் கவலையில்லை.

ஆறாயிக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. தலைச்சுற்றும் போயிற்று. பிறவியிலேயே வந்த சீக்கு என்று நினைத்திருந்தாள். அது வெறும் பசி என்று இப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் சோதனைக்கு முதல் நாள் மனோன்மணி கணவர் இராஜநாயகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ரெஸ்ற் முடிஞ்சால் இந்த முட்டை, ஈரல் எல்லாத்தையும் நிப்பாட்டவேணும். ருசி கண்டிட்டால் பிறகும் கேப்பாள்."

குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஆறாயிக்கு அது நன்றாகக் கேட்டது.

மறுநாள் மஷூர் ஊசியை எடுத்தான். "மிஸ் றஞ்சிதம் தானே?"

"இல்லீங்க. ஆறாயி." அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எடியே! தம்பி, இவள் பகிடி விடுறாள்" என்று மனோன்மணி பாய்ந்தாள்.

மஷூர் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "அப்ப போன தடவ எடுத்த ரெத்தம் யார்ட?"

"அதுவும் என்னுதுதாங்க. அது பட்டினி கெடந்த ரத்தம். இது முட்ட தின்ன ரத்தம். ரெண்டுமே என்னுது."

"என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில மண்ணைப் போட்டிட்டியேடி! இனி என்ர வீட்டுப் படி மிதியாதை!"

"மிதிக்கலம்மா. துணிப் பையக் கையோடதான் கொண்டாந்திருக்கேன். இனிமேலாவது அந்த முட்டய றஞ்சிதம் அக்காவுக்குக் குடுங்க."

ஆறாயி சட்டைக் கையை மடித்து நாற்காலியில் அமர்ந்தாள். கையை நீட்டினாள்.

"எடுங்கய்யா. எம் பேரிலயே எழுதுங்க."