சத்தியநேசனின் இடது கால்

மூன்றாவது தடவையும் அந்த நாற்றம் வந்தபோது தங்கபாய் மூக்கைப் பொத்தவில்லை. என்ன நாற்றம் என்று கேட்கவும் இல்லை. முதல் தடவை ரோட்டோரம் யாரோ டயரைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினாள். இரண்டாம் தடவை பின்சீட்டில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டைச் சந்தேகப்பட்டாள். இப்போது அவளுக்குத் தெரியும். கிளட்ச் பிளேட் கருகினால் இப்படித்தான் நாறும். அடுத்து எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பிறகு மெல்லப் பின்னால் போகும். அதே வரிசையில் எல்லாம் நடந்தது. அருமனைக் கடையில் ஷீட்டை விற்றுவிட்டுத் திரும்புகிற வழியில், குரிசடி ஏற்றத்தின் பாதியில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, ஊரே பார்க்கும்படி அந்தப் பழைய நீலக் கார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பின்னால் நழுவியது.

அவள் புருஷன் சத்தியநேசன் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தார். “இறங்கு பிள்ளே. கல்லெடுத்து வை.”

கல் எங்கே கிடக்கும் என்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை. போன தடவை அவள் வைத்த கல்தான், ஓடைப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அதை உருட்டி வந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

“என்ன அண்ணே, வண்டிக்குச் சாம்பிராணி போடுதியளா?” என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருவன் கேட்டான்.

“அக்காவ முன்னால கெட்டி இழுக்கச் சொல்லும்” என்றான் இன்னொருவன்.

தங்கபாய் நிமிர்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “ஒனக்க அம்மையயும் கூட்டிட்டு வா மக்கா. ரெண்டு பேருமா சேந்து இழுக்கோம்.”

ஸ்டாப்பு முழுக்கச் சிரித்தது. சத்தியநேசன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, “சுயம்பு என்னைய ஏமாத்திட்டான்” என்றார்.

ஏற்றத்துக்கு அடியிலேயே, முந்தின இரண்டு தடவையும் பிளேட் மாற்றிய சுயம்புராஜின் ஒர்க்ஷாப் இருந்தது ஒரு வசதி. கல்லை எடுத்ததும் வண்டி தானாகவே பின்னால் இறங்கி, பழகின மாடு தொழுவத்துக்குப் போவதுபோல ஷெட்டு வாசலில் போய் நின்றது.

சத்தியநேசன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர். இருபது வருடமாக அந்த ஸ்டூலில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்று, வெள்ளையடித்துக் கொடுத்த வீட்டு வாத்தியாரிடமிருந்தே இந்தக் காரையும் வாங்கி வந்தார். ஓட்டும்போதெல்லாம் பாடுவார். “நான் பாடினா வண்டியும் கூடப் பாடுது, கேட்டியா?” என்று தங்கபாயிடம் பெருமை அடித்துக்கொள்வார். அவளுக்கும் அப்படித்தான் கேட்டது. பாட்டு ஏறினால் எஞ்சினும் ஏறும், பாட்டு இறங்கினால் அதுவும் இறங்கும். நல்ல வண்டி என்று அவளும் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுயம்புராஜ் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை வெளியே எடுத்து அவர் முன்னால் நீட்டினான். தீயவிட்ட தோசைபோல இருந்தது அது. அய்யாவழிக்காரனான சுயம்புராஜின் நெற்றியில் எப்போதும் வெள்ளை நாமம் இருக்கும். எவ்வளவு கிரீஸ் கை ஆனாலும் அதில் மட்டும் அழுக்குப் படாது.

“அண்ணே, நெஞ்சில கை வச்சுச் சொல்லும். கிளட்ச்சு மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுதீரா?”

“நானா? கியரு மாத்த மட்டுந்தாம்லே சவுட்டுகேன். இருவது வருசமா ஆர்மோனியம் சவுட்டுத காலு இது. எப்பம் சவுட்டணும், எப்பம் எடுக்கணும்னு இதுக்குத் தெரியாதா?”

“பின்ன இது எப்பிடித் தேஞ்சுது?”

“அத நீதான் சொல்லணும். டூப்ளிகேட்டு சாமானப் போட்டுட்டு ஒரிஜினலுக்குப் பைசா வாங்கினா தேயத்தான் செய்யும்.”

சுயம்புராஜ் பிளேட்டைக் கீழே வைத்தான். பழைய துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவர்கள் வீட்டில் கேக் தின்கிறவன். அவன் ஷெட்டின் போர்டை எழுதிக் கொடுத்ததே சத்தியநேசன்தான்.

“அய்யா மேல ஆணையா இதுவும் ஒரிஜினல்தான் போடுவேன்” என்றான் கடைசியில். “எனக்க கூலி வேண்டாம். பிளேட்டுக்க பைசா மட்டும் தாரும். அதுக்குப் பொறவு இஞ்ச வண்டியயும் கொண்டு வரண்டாம், நீரும் வரண்டாம்.”

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சத்தியநேசன் புரோக்கர் அல்போன்சுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீடு வந்த பிறகு, “நமக்குக் காரு லாயக்கில்ல பிள்ளே. இருக்கப்பட்டவனுக்கு உள்ளது அது” என்றார். தங்கபாய் சோற்றை வடித்தாள்.

அந்தக் காரின் இடதுபக்கச் சீட்டு அவளுக்கு என்னவென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். முந்நூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குனிதல், ஒரு சுற்று. வெட்டி முடித்ததும் திரும்ப முதல் மரத்திலிருந்து சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். மலைச்சரிவில் எந்த மரமும் பக்கத்து மரத்தின் மட்டத்தில் நிற்பதில்லை. இருபத்தாறு வருடமாக அவள் கால் ஏறும் அல்லது இறங்கும். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடும். கட்டிலில் படுத்தால் வலி கூப்பிடும். அந்தச் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் மட்டும், ரப்பர் மிதியடி மேல் அவளுடைய இரண்டு காலும் சும்மா கிடக்கும். அவள் சும்மா கிடக்க, ஊர் நகர்ந்து போகும். மண்டைக்காட்டுக் கடற்கரைவரை ஒருநாள் அப்படிப் போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபிறகும் அவள் பத்து நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கடல் பார்க்க வேண்டாமா என்று அவர் கேட்டார். இஞ்ச இருந்தே தெரியுதே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடந்தார்கள். ஆர்மோனியக்காரர் பிந்தக்கூடாது என்று சத்தியநேசன் முன்னால் ஓடிவிட்டார். மூட்டு வலியோடு தங்கபாய் போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு தொடங்கியிருந்தது. சபையில் பெஞ்சுகள் எப்போதும் பின்னாலிருந்துதான் நிரம்பும். முன்வரிசை காலியாகக் கிடக்கும், அதில் உட்கார யாருக்கும் மனம் வராது. வேறு வழியில்லாமல் அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் பிந்தி வந்த இன்னொருத்தி, நேசம்மாள். நேர் முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஆர்மோனியம்.

கல்யாணம் கழிந்து முப்பத்திரண்டு வருடத்தில் புருஷன் வாசிப்பதை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. காலால் மிதித்துக் காற்று ஏற்றுகிற பழைய ஆர்மோனியம் அது. கீழே இரண்டு மிதிகட்டை. வலது கட்டையின் வார் ஆறு வருடத்துக்கு முன் அறுந்தது. வருடாவருடம் கமிட்டியில் அதை மாற்றத் தீர்மானம் போடுவார்கள், தீர்மானத்தோடு சரி. அதனால் வலது கால் ஓரமாக மடங்கிக் கிடக்க, இடது கால் ஒற்றையாக இரண்டு காலின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு அமுக்கு, ஒரு எடுப்பு. ஒரு அமுக்கு, ஒரு எடுப்பு. பாட்டு வேகம் எடுத்தால் காலும் வேகம் எடுத்தது. அவர் கண் பாட்டுப் புத்தகத்தில் இருந்தது. அப்படி ஒரு கால் தனக்கு இருக்கிறது என்கிற நினைப்பே அந்த முகத்தில் இல்லை.

தங்கபாய் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாடினா வண்டியும் கூடப் பாடுது.

பிரசங்கத்தில் கால் அசையவில்லை. காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் உயிர் வந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாயில் சேலைத் தலைப்பைத் திணித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. நேசம்மாள் அவள் முதுகைத் தடவி, “அழாத அக்கா. வண்டி போனா போட்டு. கர்த்தர் வேற தருவாரு” என்றாள். அதற்குப் பிறகு தங்கபாயால் தலை நிமிரவே முடியவில்லை.

வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டார், சண்டைதான் வரும். திங்கட்கிழமை அவரோடு அவளும் ஷெட்டுக்குப் போனாள். வண்டி தயாராக நின்றது. அல்போன்ஸ் இன்னும் வரவில்லை. சுயம்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியை ஒரு டயர்மேல் வைத்தான்.

“சுயம்பு, ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீயும் ஏறு. முன்னால இரி” என்றாள்.

“நான் எதுக்கு அக்கா?”

“நான் சொல்லுகேம்லா. ஏறு.”

அவளுடைய சீட்டில் சுயம்புராஜ் உட்கார்ந்தான், அவள் பின்னால். வண்டி ரோட்டில் ஏறியதும், “ஒரு பாட்டு பாடுங்கோ” என்றாள்.

“இப்பமா?”

“வண்டி போவப் போவுதுல்லா. கடைசியா ஒண்ணு.”

சத்தியநேசன் ஒன்றுக்கு இரண்டு தடவை கனைத்துவிட்டு, கண்ணை ரோட்டில் வைத்து எடுத்தார் பாட்டை. முதல் அடி முடியவில்லை, எஞ்சினும் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டது. தங்கபாய் சுயம்புராஜின் தோளைத் தட்டிக் கீழே காட்டினாள். குனிந்து பார்த்தவன் அப்படியே இருந்துவிட்டான். கிளட்ச் பெடல்மேல் அந்த இடது கால் தாளம் தப்பாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே! பாட்ட நிறுத்தும்!”

பாட்டு நின்றது. காலும் நின்றது.

“இப்பம் பாடும்.”

பாடினார். கால் அமுக்கியது.

“கீழ பாரும் ஓய், ஒமக்க கால!”

சத்தியநேசன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்த காலைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். சுயம்புராஜ் தொடையில் அடித்து அடித்துச் சிரித்ததில் வியர்த்து, நெற்றி நாமம் மூக்குவரை இறங்கிவிட்டது.

“மூணு பிளேட்டுக்கும் காத்தடிச்சீரே அண்ணே!”

சத்தியநேசன் சட்டைப்பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்தார். “லே சுயம்பு. கூலிய வாங்கிக்கோ.”

“எனக்கு வேண்டாம்.”

“வாங்கலேன்னா நான் இதுலயேதான் இருப்பேன். ராத்திரி ஆனாலும் இறங்க மாட்டேன்.” பணத்தை இன்னும் கிட்டத்தில் நீட்டினார். “நான் சொன்னது தப்புலே.”

சுயம்புராஜ் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் திணித்தான். “கிறிஸ்துமஸுக்கு ரெண்டு கேக்கு வேணும்” என்றான்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது அல்போன்ஸ் வெயிலில் நின்றிருந்தார். அவரை நிறுத்தி வைத்துவிட்டுப் பரீட்சை நடந்தது. பாடாமல் ஓட்டச் சொன்னான் சுயம்புராஜ். சத்தியநேசன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, சவப்பெட்டிக்குப் பின்னால் போகிறவர்போல ஓட்டினார். எஞ்சின் மூன்று தடவை அணைந்தது. நாலாம் தடவை கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. அந்தச் சந்தோஷத்தில் அவரை அறியாமல் மூக்கால் முனகத் தொடங்கினார். கால் அமுக்கத் தொடங்கியது.

“மூக்கால பாடினாலும் காலு அடிக்குது அக்கா” என்றான் சுயம்புராஜ். “ஒண்ணு அண்ணனுக்க வாய அடைக்கணும், இல்லேன்னா வண்டியக் குடுக்கணும்.”

“சட்டுன்னு முடிவு பண்ணுங்கப்பா. எனக்க தல வெந்து போச்சு” என்றார் அல்போன்ஸ்.

தங்கபாய் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். “நான் ஓட்டிப் பாக்கட்டா?”

யாரும் சிரிக்கவில்லை, அதுவே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சத்தியநேசன் மெல்ல இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷெட்டுக்குப் பின்னால் காலி மனை ஒன்று கிடந்தது. சுயம்புராஜ் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி அவளை உட்காரவைத்து, ஜன்னல் வழியே சொல்லிக்கொடுத்தான். “முழுசா சவுட்டி, ஒண்ணாம் கியரப் போடுங்க. இனி கால மெள்ள எடுக்கணும். ஒரு எடத்துல வண்டி லேசா நடுங்கும். அங்ஙன காலுக்கு ஒரு பொறுமை வேணும். சட்டுன்னு எடுத்தா சாடும்.”

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டாள். வெறுங்காலால் மிதித்து, எடுத்தாள். ரப்பர் மரத்தின் பட்டையில் கத்தி இறங்கும்போது ஒரு இடம் வரும். அதற்கு மேலே நின்றால் பால் வராது, ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, கைதான் சொல்லும். இப்போது கால் சொன்னது. வண்டி நடுங்கியது. அவள் அங்கேயே ஒரு மூச்சு நின்றுவிட்டு, மிச்சத்தை விட்டாள். நீலக் கார் ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்து, காலி மனையின் புல்லில் பத்தடி போய் நின்றது.

“கொள்ளாம்!” என்று கைதட்டிக் கத்தினான் சுயம்புராஜ்.

அல்போன்ஸ் குடையை விரித்தார். “அண்ணே, நான் போறேன். இனி இந்த வண்டி எனக்குக் கிடைக்காது.”

நாலு மாதம் எல் போர்டு தொங்கியது. லைசென்ஸ் வந்த அடுத்த ஞாயிறு இருவரும் சபைக்குக் கிளம்பினார்கள். இடதுபக்கச் சீட்டில் சத்தியநேசன். அன்றைய பாட்டுகளை அவர் ஒவ்வொன்றாகப் பாடிப் பார்க்க, இடது கால் மிதியடியை அமுக்கிக்கொண்டே வந்தது. அந்த இடத்தில் மிதியடி தேய்ந்து ஒரு ஓட்டைகூட விழுந்திருந்தது. சமநிலம் வந்து நாலாம் கியரைப் போட்டதும் தங்கபாய் தன் இடது காலை எடுத்து ஓரமாக நீட்டி வைத்தாள். அது அங்கே சும்மா கிடந்தது.

குரிசடி ஏற்றத்தில் முன்னால் போன பஸ், ஸ்டாப்பில் நின்றது. அவளும் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தாள். பழைய இடம், பழைய கல் ஓடைப்பக்கம் அப்படியே கிடந்தது. ஸ்டாப்பில் நின்றவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஒரு கறுத்த புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது. சத்தியநேசன் பாட்டின் நீண்ட சுரத்தில் நின்றார், அவருடைய கால் மிதியடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தங்கபாய் செருப்பை உதறிவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து ஒண்ணாம் கியரைப் போட்டாள். மெல்ல, மெல்ல இடது காலை எடுத்தாள். காரின் முன்பக்கம் லேசாக நடுங்கத் தொடங்கியது. கைப்பிரேக்கை விடுவிக்க அவள் கை அதன்மேல் போய் அமர்ந்தது.