மேல் தண்ணீர்

சுபாஷிணி ஆட்டோவை நிறுத்தச் சொன்னது கீரைக்காகத்தான். மயூர் விஹார் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், பெரிய வடிகாலின் ஓரம் கீரைப் பாத்திகள் உண்டு. பெண்கள் பாலக் கட்டுகளை அந்தத் தண்ணீரிலேயே அலசிக் கூடையில் அடுக்குவார்கள். வீட்டில் இன்னொரு முறை கழுவிக்கொள்ளலாம் என்று அவளும் வாங்கிவிடுவாள். அன்று கட்டைக் கையில் வாங்கியதுமே ஒரு நெடி மூக்கில் ஏறியது. தினமும் பரிசோதனைக் கூடத்தில் அவள் பாட்டில் மூடியைத் திறக்கும்போது வரும் அதே நெடி.

எட்டிப் பார்த்தாள். வடிகால் கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடியது. நேற்று சாயங்காலத்திலிருந்தே இப்படித்தான் என்றாள் கீரைக்காரி, அலசுவதை நிறுத்தாமலே. இந்தத் தண்ணீரில் அலசாதீர்கள் என்று சுபாஷிணி ஹிந்தியில் சொல்லிப் பார்த்தாள். வேறு தண்ணீர் நீ கொண்டு வருகிறாயா என்று கேட்டாள் கீரைக்காரி. சுபாஷிணி கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

நேற்று மத்தியானம் மதகைத் திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவளே சுபாஷிணிதான்.

அவள் வேலை பார்க்கும் குப்பைக் கிடங்கில், மழை பெய்தால் குப்பை மலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசியும். அது அடிவாரத்துக் குளத்தில் சேரும். அங்கிருந்து டாங்கரில் ஏற்றி சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப வேண்டும். மழைநீர் கலந்து நன்றாக நீர்த்துவிட்டது என்று சோதனையில் தெரிந்தால் மட்டுமே மதகைத் திறந்து வடிகாலில் விடுவார்கள். குளத்துக்குப் பொறுப்பு அர்விந்த். சோதனை அவனுடைய மனைவி சுபாஷிணியின் வேலை.

அவர்கள் காதல் ஆரம்பித்ததே அந்தச் சோதனை மேஜையில்தான். முதல் நாள் அவன் ஒழுகுகிற பாட்டிலைக் கொண்டுவந்து வைக்க, அவள் சத்தம் போட்டாள். மறுநாள் பாட்டிலைத் துடைத்து, மடித்த கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தான். கல்யாணமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பம்ப் ஓட்டும் இஸ்மாயில், “மேடம், உங்க வீட்டுக்காரர் சாக்கடைத் தண்ணியைச் சீர்வரிசையாக் கொண்டு வர்றார்” என்று கேலி செய்வார்.

நேற்றும் பாட்டில் கைக்குட்டையோடுதான் வந்தது. தண்ணீர் லேசான டீ நிறத்தில் இருந்தது. நல்ல மழையாயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். வேறு யார் கொண்டு வந்திருந்தாலும் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டிருப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அர்விந்த் குளத்தங்கரைமேல் நின்று மண்மூட்டைகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் வீட்டுக்கு வரவில்லை. கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், குப்பை பொறுக்குகிறவர்களின் குடிசைகள்.

“நேத்து எப்படி எடுத்தே?” என்று கேட்டாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. இரும்பு எடை கட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, அடியில் போனதும் மூடியைச் சுண்டித் திறக்க வேண்டும். மழைத் தண்ணீர் மேலே நிற்கும், கறுப்பு அடியில் கிடக்கும். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

“மேலதான் மொண்டேன்.”

“தெரிஞ்சே?”

“தெரிஞ்சேதான். குளம் தளும்பிண்டு இருந்தது, சுபா. கரை உடைஞ்சா நேரா அந்தக் குடிசை மேல. டாங்கர் கேட்டா ஆபீஸ்ல அச்சா, அச்சாங்கறான், ஒண்ணும் வரலை. நான் என்ன பண்ணட்டும்?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பியா?”

அவள் வடிகால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூடையில் அடுக்கிய கீரை இந்நேரம் எத்தனை அடுப்புகளுக்குப் போயிருக்குமோ. மதகை மூடினால் சாயங்காலத்துக்குள் குளம் மறுபடி நிரம்பிவிடும். அவன் வேலை போகும். அதற்குமேலும் ஏதோ போகும் என்று பட்டது.

“குடிசைக்காரங்களைப் பக்கத்து ஸ்கூலுக்கு அனுப்பு. இப்பவே. பம்பைப் போட்டுத் தண்ணியைத் திரும்பக் குப்பை மலைமேலயே ஏத்தச் சொல்லு, கொஞ்ச நேரம் அது உறிஞ்சிக்கும். நான் கையெழுத்தை வாபஸ் வாங்கப்போறேன்.”

“என் பேரும் வரும்.”

“என் பேரும்தான் வரும்.”

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பரிசோதனைக் கூடத்துக்குப் போய் மேலதிகாரிக்கு ஃபோன் செய்தாள். நேற்றைய சோதனை செல்லாது, மேல் தண்ணீரைச் சோதித்துவிட்டோம், மதகை மூடுங்கள் என்றாள். மேல் தண்ணீரா, யார் எடுத்தது என்று அவர் கேட்டார். சொன்னாள். அந்தப் பெயரை இத்தனை நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு அவள் உச்சரித்ததில்லை. ஜன்னல் வழியாக இஸ்மாயில் மதகுச் சக்கரத்தைச் சுற்றுவது தெரிந்தது. பாத்திரம் பண்டங்களோடு ஜனங்கள் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்கள். நனைந்த ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்ட ஒரு பெண், குளத்தைத் திட்டிக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அர்விந்த் உள்ளே வந்தான். முழங்கை வரை சேறு. ஒரு பாட்டிலை மேஜைமேல் வைத்தான். அதைச் சுற்றியிருந்த கைக்குட்டையில் கறுப்பு ஊறிக்கொண்டிருந்தது.

“அடியிலேர்ந்து எடுத்தது,” என்றான். “நாளைலேர்ந்து நான் வர வேண்டாமாம். இதை நீயே டெஸ்ட் பண்ணு.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். அவன் போகாமல் அங்கேயே நின்றான். வெளியே மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது. சுபாஷிணி கைக்குட்டையைப் பிரித்துத் தன் பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்தாள்.