சனிக்கிழமை வைத்த முப்பத்தொன்று

அசோகனின் தாய் ஞானமலர் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். அந்த வாரமே எரித்தார்கள். ஜெர்மனியில் கொள்ளி வைப்பதென்றால் ஒரு பொத்தானை அமர்த்துவது, அவ்வளவுதான். ஒரே மகன் என்பதால் அசோகன்தான் அமர்த்தினான். மறுநாள் மொட்டைத் தலையோடு ஆடப் போனான். தலைக்கவசம் ஆடியது. அணியின் உடுப்புப் பார்ப்பவர் உள்ளே ஒரு பஞ்சுத் துண்டை வைத்துச் சரிப்படுத்திக் கொடுத்தார்.

அவன் ஆடியது அமெரிக்கன் ஃபுட்போல். கொலோன் தமிழ்ச் சனத்துக்கு ஃபுட்போல் என்றால் காலால் அடிக்கிற ஆட்டம் ஒன்றுதான். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கும் அதே பெயர் என்று விளங்கவைக்கப் போனால் விடிந்துவிடும். நல்லவேளை, அசோகனின் வேலை உதைப்பது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் புள்ளி. அமெரிக்கர்கள் நிறைந்த அணியில் இந்த நாட்டில் வளர்ந்தவர் சிலரும் இருக்கவேண்டும் என்பது லீக்கின் விதி. அந்த விதியின் புண்ணியத்தில் உள்ளே வந்தவன் அவன். தூரத்து உதை ஒரு அமெரிக்கனுக்கு, கிட்டத்து உதை இவனுக்கு என்று பயிற்சியாளர் பிரித்து வைத்திருந்தார்.

தாய் போன பிறகு அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அணி வென்றால் மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள், இவனும் போய்க் கை கொடுத்தான். தோற்றால் குளித்துவிட்டு வீட்டுக்குப் போனான். உதைத்த பந்தெல்லாம் நேராகப் போனது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்பதை உறவுக்காரர் கவனித்தார்கள், அவனும் கவனித்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. கணக்குப்படி அது ஒரு வியாழக்கிழமை விழுந்தது. ஆனால் ஜெர்மனியில் நம்மவர் யார் வியாழக்கிழமை அந்தியேட்டி செய்கிறார்கள்? எல்லாருக்கும் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். செத்தவர்களும் இங்கே சனி ஞாயிறு வரும்வரை பொறுத்திருக்கப் பழகிவிட்டார்கள். தகப்பனின் தங்கை சியாமளா சனிக்கிழமைக்கு மண்டபம் பிடித்து, ஐயரையும் சாப்பாட்டையும் ஒழுங்கு பண்ணிவிட்டுத்தான் அசோகனுக்குச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமைதான் பருவத்தின் கடைசி ஆட்டம். வடக்கே வேறொரு நகரத்தில். வென்றால் இறுதிப் போட்டி. பயிற்சியாளர் நல்ல மனிதர். தாயின் சடங்குதான் பெரிது, போக வேண்டுமென்றால் போ, வேறொருவனை உதைக்க வைக்கிறேன் என்றார். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஆள் பார்த்து எடுக்கிறவர்கள் அன்று வருகிறார்கள், இப்படி ஒரு நாள் உனக்கு இனி வராது என்றும் சொன்னார். அந்த மாத முடிவிலேயே லீக்கை இழுத்து மூடிவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அசோகன் தகப்பனிடம் போனான். தம்பித்துரை குசினியில் தேத்தண்ணியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமையே செய்வமே அப்பா? உண்மையான நாள் அதுதானே."

"வியாழன் ஆர் வருவினம்?"

"நானும் நீங்களும் காணாதே?"

கொலோனில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் அடுப்பு மூட்டியவள் ஞானமலர். அவளுக்கு மண்டபம் நிறைய வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

"கொம்மாவின்ரை முப்பத்தொண்டை ரெண்டு பேரோடை செய்ய ஏலாது, தம்பி. நீ யோசிச்சுச் செய்."

போகாதே என்று அவர் சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான். நிற்கட்டோ என்று அவன் கேட்டிருந்தால் அவர் ஓம் என்றிருப்பார். மற்றவர் வாயிலிருந்து வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நம்முடைய வீடுகளில் பாதிக் காரியம் இப்படித்தான் கெட்டுப்போகிறது. வெள்ளிக்கிழமை அசோகன் அணியின் பஸ்ஸில் ஏறினான்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும்போது, மண்டபத்தில் ஐயர் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். துக்கமாகவோ குற்றமாகவோ தோன்றவில்லை, நேரம் பார்த்ததுபோல இருந்தது. கோட்டோரம் வலைக்குள் பந்தை உதைத்து உதைத்துக் காலைச் சூடாக வைத்திருந்தான். அணி எதிர்ப்பக்க எல்லையை நெருங்கவே இல்லை. ஓடியவனை மறித்து விழுத்தினார்கள், எறிந்த பந்தைப் பறித்தார்கள். இரண்டு தரம் தூரத்திலிருந்து உதைக்க அமெரிக்கன் போனான், ஒன்று உள்ளே போனது. கிட்டத்து உதைக்கு வேலையே வரவில்லை. அணி தோற்று, கடைசி விசில் ஊதியபோது மற்றவர்களின் உடுப்பெல்லாம் புல்லும் மண்ணும். அசோகனின் வெள்ளைக் காற்சட்டை காலையில் தந்த மாதிரியே இருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் தகப்பனின் அழைப்பு வந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். மண்டபம் கொள்ளாத சனமாம், பீலெஃபெல்டிலிருந்தும் வந்தார்களாம். எள்ளும் தண்ணீரும் அவரே விட்டாராம். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, லீவு குடுக்க மாட்டன் எண்டிட்டாங்கள் என்று சொல்லிவிட்டாராம். வாழ்நாளில் பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

பிறகு கேட்டார், "விளையாட்டு எப்பிடித் தம்பி?"

"என்னைக் கூப்பிடேல்லை அப்பா. ஒருக்காலும் இறக்கேல்லை."

அவர் கோபிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"அப்ப வந்திருக்கலாம்," என்றார்.

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை, அழுகை வந்தது. தாய் கண்ணை மூடிய நாளிலிருந்து எங்கோ கிடந்த அழுகையெல்லாம் நெடுஞ்சாலையில், இன்னும் மங்காத மாலை வெளிச்சத்தில், எல்லார் முன்னாலும் வந்தது. தொலைபேசியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு விம்மினான். பக்கத்து இருக்கையில் இருந்த அமெரிக்கன் அவன் முதுகில் தட்டி, இது ஒரு ஆட்டம்தானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.